உன்னிடம் நான் விற்ற நாற்பது அடி

என் அருமை மகனே, ஓசூர் தொழிற்சாலையைத் தனி ஆளாகத் தாங்கி நிற்கும் தூணே, இன்னும் பதினெட்டு நாளில் ஜப்பான் தேசத்துக்குப் பறக்கப்போகிற என் ராசா,

அய்யலூர் ஆட்டுச்சந்தையை முப்பத்தைந்து வருடம் கட்டி ஆண்ட உன் அப்பன் எழுதிக்கொள்வது. தபால்காரர் உறையை நீட்டியதும் நீ பதறியிருப்பாய். கையில் போன் இருக்கும்போது இந்த மனிதர் எதற்குத் தாளும் பேனாவும் தேடினார், ஒருவேளை உயில் எழுதிவிட்டாரோ என்று நினைத்திருப்பாய். பதறாதே. எழுதிவைக்கும் அளவுக்கு எனக்குச் சொத்து இருந்தால் நான் ஏன் உன் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறேன்? போனில் பேசுவது என் வாய். அது தரகர் வாய். பல் கொட்டிய கிடாயை நேற்றுப் பிறந்த குட்டி என்று சொல்லி, வாங்கியவன் அதற்குப் பால்புட்டி வாங்க ஓடும்படி செய்த வாய். உண்மை சொல்ல வேண்டிய நேரத்தில் அதை நம்ப முடியாது. என் வலது கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால்தான் இந்த வேலையைக் கையிடம் கொடுத்திருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைகாசியில் உன் மாமா மகள் கல்யாணத்தில், மண்டபத்து வாசலில் காரை விட்டு இறங்கி, பந்திக்கூடம் வரை நாற்பது அடி நான் நடந்ததைப் பார்த்தாய். உன் கண் கலங்கியது. "அப்பா பழையபடி ஆயிட்டாரு, இனி நான் தைரியமாப் போவேன்" என்று உன் அம்மாவிடம் சொன்னாய். மறுநாளே ஜப்பான் வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய். அப்பு, அது நடை இல்லை, வியாபாரம். ஒரு நொண்டி ஆட்டை நல்ல ஆடு என்று உன் தலையில் கட்டிவிட்டேன். சந்தையில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன், அவர்களும் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், கணக்கு நேராகிவிட்டது. பெற்ற பிள்ளையிடம் செய்த வியாபாரம்தான் உறுத்துகிறது. விமானம் ஏறுவதற்கு முன் சரக்கின் உண்மை நிலையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்த பிறகு போவதா, இருப்பதா என்பதை நீ முடிவு செய். என் விருப்பம் என்ன என்பதையும் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் போனை எடுத்து அம்மாவைத் திட்ட ஆரம்பிக்காதே.

கார்த்திகை மாதம் அந்தக் காலைப்பொழுது உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ ஓசூரிலிருந்து பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் பாதிக் கதை முடிந்திருந்தது. பல் விளக்கிவிட்டு வந்து டீ டம்ளரை எடுத்தேன். டீ வாய்க்குள் போகாமல் சட்டைக்குப் போனது. உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, வாய் ஒரு பக்கமா இழுக்குது?"

"வெத்தலை போட்டிருக்கேன்டி."

"வெத்தலை எங்க போட்டீங்க? இப்பத்தான பல்லு வெளக்குனீங்க. ரெண்டு கையயும் தூக்குங்க பாப்போம்."

வலது கை மகாராஜா மாதிரி மேலே போனது. இடது கை மடியில் படுத்துக்கொண்டு, எனக்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல இருந்தது. அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. எதிர்வீட்டுக்காரர், "ஒண்ணும் இல்லத்தா, வாயு. எண்ணெய் போட்டு நீவுற ஆளு ஒருத்தர் இருக்காரு, நாளைக்குக் கூட்டியாறேன்" என்றார். உன் அம்மா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நாளைக்குப் பாத்துக்கறதுக்கு இவரு என்னண்ணே, கரண்டு பில்லா?" அடுத்த நிமிடம் ஆட்டோவில் இருந்தேன். திண்டுக்கல் வீதிகளில் அந்த ஆட்டோ போன வேகத்தில் சிறுமலை ஒரு அங்குலம் நகர்ந்து உட்கார்ந்ததாகக் கேள்வி. பக்கவாதம், நல்லவேளை நேரத்தோடு வந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். இன்று இந்தக் கடிதத்தை எழுதும் அளவுக்கு நான் தேறியிருப்பதில் பெரும்பங்கு உன் அம்மாவின் வாய்க்கு உண்டு. இதை அவளிடம் சொல்லிவிடாதே, பிறகு வீட்டில் குடியிருக்க முடியாது.

இதில் உனக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பிரஷர் மாத்திரையை அதற்கு முந்தின மூன்று மாதமும் நான் போடவில்லை. தலை சுற்றவில்லை, கண் இருட்டவில்லை, காளை மாதிரி இருக்கிறேன், எனக்கு எதற்கு மாத்திரை என்று நானே டாக்டராகி எனக்கு நானே சீட்டு எழுதிக்கொண்டேன். உன் உடம்பிலும் என் ரத்தம்தான் ஓடுகிறது. அதன் அழுத்தம் என்ன என்று போகிற ஊரில் அவ்வப்போது பார்த்துக்கொள். நன்றாக இருப்பதாகத் தோன்றுவது வேறு, நன்றாக இருப்பது வேறு. என் விஷயத்தில் இரண்டுக்கும் நடுவில் ஒரு டம்ளர் டீ கொட்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்தார்களே, ஜெசிந்தா மேடம், அவர்களை நீ பார்த்திருக்கிறாய். என் வயதில் பத்துப் பன்னிரண்டு குறைவு, அதட்டலில் என்னைவிட நூறு கூடுதல். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்வார்கள். பத்து தடவை. உனக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. எனக்கு ஒவ்வொரு தடவையும் கொடைக்கானலுக்கு நடந்தே ஏறி இறங்கியது போல இருந்தது. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தை இடது காலுக்கு மாற்ற வேண்டும். பிறகு இடது பாதத்தைத் தூக்கி, குதிகால் முதலில் தரையில் படும்படி வைக்க வேண்டும். என் இடது பாதம் நுனி தொங்கி, செருப்பை இழுத்துக்கொண்டே வந்தது. அதைத் தூக்கிப் பிடிக்கத்தான் கணுக்காலுக்கு ஒரு பிளாஸ்டிக் பட்டை, கையில் நாலு கால் ஊன்றுகோல். "தினமும் போடுங்க, தினமும் நடங்க, கால் சாயுறது தெரிஞ்சா மறைக்காம எங்கிட்ட சொல்லுங்க" என்றார்கள். கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏன் பிடிக்கவில்லை என்று சொன்னால்தான் உனக்கு மீதி புரியும். ஓர் ஆட்டின் நடையைப் பார்ப்பதுதான் என் தொழில். ஆடு நம்மை நோக்கி வரும்போது பார்க்கவே கூடாது, ஏமாந்துவிடுவோம். அதை நமக்கு எதிர்ப்புறமாக ஓட்டி, பின்னாலிருந்து பார்க்க வேண்டும். எந்தக் காலில் நிற்கப் பயப்படுகிறது, எந்தக் காலை அவசரமாக எடுக்கிறது என்று இடுப்பின் ஆட்டம் சொல்லிவிடும். நொண்டும் ஆட்டை விற்க வருகிறவனுக்கும் வித்தைகள் உண்டு. கூட்டத்துக்கு நடுவே விட்டு ஓட்டுவான். காதைப் பிடித்துத் தலையைத் தூக்கி நடத்துவான். மெதுவாக நடந்தால் குறை தெரியும் என்று விரட்டுவான். கெட்ட கால் பக்கம் தானே நின்று மறைத்துக்கொள்வான். அத்தனையையும் நான் பிடிப்பேன். பிடித்து, சந்தைக்கே கேட்கும்படி "ஏலே, மூணு காலு ஆட்டக் கொண்டாந்து நாலு காலு வெல கேக்குறியா?" என்று கத்துவேன். சந்தை சிரிக்கும். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவான். மகனே, ஊரில் யார் என்னைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் நான் நிம்மதியாக நொண்டியிருப்பேன். எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் அதைக் கத்தியவனே நான்தான்.

ஆகவே கல்யாணத்துக்கு முந்தின பதினைந்து நாளும் நான் செய்தது பயிற்சி இல்லை, ஒத்திகை. பட்டையை வீட்டில் கழற்றிவைத்தேன், வேட்டிக்குக் கீழே தெரியும் என்று. மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும் நேரமாகப் பார்த்துக் காரை விட்டு இறங்கினேன், கூட்டத்துக்கு நடுவே நடக்கலாம் என்று. மடங்கியே நின்ற இடது கை விரல்களில் வேட்டி நுனியை மாட்டிக்கொண்டேன், வேட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன் என்று எல்லாரும் நினைக்க. உன்னை இடது பக்கம் நடக்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா? பாசத்தினால் இல்லை, மறைப்புக்கு. வலது பக்கம் உன் மாமாவிடம் சத்தமாக வம்பு பேசிக்கொண்டே, இடுப்பைத் தூக்கி, காலை வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வீசி வீசி வேகமாக நடந்தேன். நாற்பது அடி. பந்தி இலையில் உட்கார்ந்தபோது என் தொடை நடுங்கிய நடுக்கத்தில் பாயசம் தானாகக் கலந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

உனக்காகத்தான் செய்தேன் என்று எனக்கே நெடுநாள் சொல்லிக்கொண்டேன். நான் நொண்டினால் நீ போகமாட்டாய், உன் வாழ்க்கை என் காலில் கட்டிக் கிடக்கும், அதனால் ஒரு நல்ல பொய் என்று. அதில் கால்வாசி உண்மை உண்டு. முக்கால்வாசி என் தலைக்கனம். இதை எழுத மட்டும் இந்தக் கை அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது.

வேஷம் பலித்தவுடன் என்ன ஆகும்? பயிற்சியை விட்டேன். ஊரே நம்பிய பிறகு கால் மட்டும் நம்பாமல் போய்விடுமா என்று ஒரு எண்ணம். ஜெசிந்தா மேடம் ஒரு மாதம் வெளியூர் போயிருந்தது எனக்கு இன்னும் வசதியாகிவிட்டது. ஆனி மாதம் ஒரு மத்தியானம், பட்டையும் இல்லாமல் கம்பும் இல்லாமல் கொல்லைப்பக்கம் போனேன். கொடியில் காய்ந்த துண்டை எடுத்துவரத்தான். நிலைப்படியில் இடது கால் கட்டைவிரல் இடித்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது துணி துவைக்கிற கல்லும் என் தோளும் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வாரம், வாசற்படியைப் பார்த்தாலே எனக்கு வியர்த்தது. ஆயிரம் ஆடுகளுக்கு நடுவே நின்றவன், ஒரு படிக்குப் பயந்து கட்டிலில் கிடந்தேன். நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா "அப்பா குளிக்கிறாருப்பா", "அப்பா தூங்குறாருப்பா" என்று சொன்னது என் உத்தரவு. அந்த மூன்று வாரத்தில் நான் குளித்த குளியலுக்கு ஆத்தூர் அணை இரண்டு தடவை வற்றியிருக்க வேண்டும். உனக்குச் சந்தேகமே வரவில்லையே, நீ என் மகன்தானா?

மேடம் திரும்பி வந்து, என்னை எழுப்பி நிற்கவைத்து, "அந்தச் சுவர் வரைக்கும் போங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். பின்னால்! நான்கு அடிதான் வைத்திருப்பேன்.

"போதும், நில்லுங்க. இடுப்ப வச்சுத் தூக்குறீங்க. எடது கால்ல நிக்கவே மாட்டேங்கறீங்க, சுடுற மாதிரி எடுத்துடறீங்க. எத்தனை நாளா இந்த நாடகம்?"

"மேடம், நீங்க மட்டும் சந்தைக்கு வந்தீங்கன்னா என் பொழப்பு போயிரும்."

"சிரிக்காதீங்க ஐயா. மறைக்கறதுக்கு இம்புட்டு வேலை பாத்திருக்கீங்களே, இதுல பாதிய அந்தக் காலுக்குப் பாத்திருந்தா இந்நேரம் பஸ் ஏறியிருப்பீங்க."

உன் அம்மா கதவோரம் நின்று, "நல்லாச் சொல்லுங்க மேடம், இன்னும் ரெண்டு சொல்லுங்க" என்றாள். உலகத்தில் எனக்கு எதிராக இருவர் கூட்டணி வைத்தால் அதில் ஒருவர் உன் அம்மாவாக இருப்பது விதி.

அன்றிலிருந்து இரண்டு மாதமாக, என் தொழிலை என் மீதே நடத்துகிறேன். காலையும் மாலையும் பட்டையைக் கட்டி, கம்பை ஊன்றித் தெருவில் நடக்கிறேன். அம்மா பின்னால் வந்து போனில் படம் பிடிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் படத்தைப் போட்டு, யாரோ ஒருவன் விற்கக் கொண்டுவந்த ஆட்டைப் பார்ப்பது போல ஈவிரக்கமில்லாமல் பார்க்கிறேன். முதல் வாரம் பார்த்த ஆட்டை நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். ஆனால் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. இடது காலில் நிற்கும் நேரம் மிகக் குறைவு, பயம்தான் காரணம். ஆகவே அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நிற்கப் பழகினேன். முதலில் அம்மா வெஞ்சனத்துக்கு ஒரு வெங்காயம் உரிக்கும் நேரம், பிறகு இரண்டு, இப்போது நான்கு வெங்காயம். படி ஏறும்போது வலது கால் முதலில், இறங்கும்போது இடது கால் முதலில் என்ற பாடத்தைக் கொல்லைப் படியிலேயே போய்ப் படித்தேன், என்னைத் தள்ளிவிட்ட அதே படியில். இன்றைய நிலவரம் இதுதான்: வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறேன். தெருவில் கம்போடு தண்ணீர்த் தொட்டி வரை போய்த் திரும்புகிறேன், நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறேன். நொண்டுகிறேன். இடது கை விரல்கள் இன்னும் பாதிதான் விரிகின்றன. பழையபடி ஆகிவிடுவேனா என்று மேடத்திடம் கேட்டேன். "பழையபடின்னு சொல்ல மாட்டேன், இன்னும் நல்லா ஆவீங்க, ஆனா நிறுத்தக் கூடாது" என்றார்கள். இந்த விவரத்தில் ஒரு துளி மிகை இல்லை. இருந்தால் உன் அம்மா ஓரத்தில் திருத்தியிருப்பாள், இந்தப் பக்கத்தை மட்டும் அவளிடம் காட்டிவிட்டுத்தான் உறையில் போடுகிறேன்.

போன வியாழக்கிழமை அய்யலூருக்கும் போனேன். பட்டை, கம்பு, எல்லாம் வெளியே தெரிய, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு. சந்தை வாசலில் ஆட்டோவை நிறுத்தி இறங்கியபோது என் நெஞ்சு அடித்த அடியில் ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன. என் பழைய போட்டித் தரகன் பொன்னுச்சாமி முதலில் பார்த்தான்.

"ஏலே, இங்க வந்து பாருங்கப்பா! நம்ம அண்ணன் நாலு காலு கம்பு புடிச்சு வாராரு. சொந்தக் காலு ரெண்டு, மொத்தம் ஆறு. கூடுதல் வெலைக்குப் போவாரு போலயே!"

சந்தை சிரித்தது. நான் பயந்த சிரிப்பு அதுதான். கேட்டு முடித்த பிறகு பார்த்தால், நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன், விழவில்லை.

"வெல பேசுடா, தப்பில்ல. பல்லப் புடிச்சு மட்டும் பாக்காத, கடிச்சிருவேன்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். சந்தையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நடந்தேன். இரண்டு இடத்தில் உட்கார்ந்து, முக்கால் மணி நேரம். திரும்பும்போது பொன்னுச்சாமி டீயோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். குரல் இறங்கியிருந்தது.

"அண்ணே, எங்க அக்காவுக்கும் இதேதான். ஒன்றரை வருசமாக் கட்டில்லயே கெடக்கு. நடந்தா விழுந்துருமோன்னு நாங்க எந்திரிக்கவே விடல. இனிமே அதுக்கு நடை வருமாண்ணே?"

வரும் என்று சொல்ல என் வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன். "தெரியலப்பா. மேடத்தக் கேளு, நம்பர் தாரேன். வந்து பாத்துட்டு அவங்க சொல்லட்டும்" என்றேன். அந்தச் சந்தைக்குள் நின்று நான் 'தெரியாது' என்று சொன்னது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னதும் அவள் பிடித்துக்கொண்டாள். "அந்தாளுகிட்ட உண்மையச் சொல்லத் தெரியுதுல்ல? புள்ளைக்கு எப்பச் சொல்லப் போறீங்க? நீங்க எழுதுறீங்களா, நான் போன் போடவா?" எழுதுகிறேன்.

இப்போது என் விருப்பம். நீ போக வேண்டும். நான் நன்றாக நடக்கிறேன் என்பதற்காக இல்லை. நான் நன்றாக நடக்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறேன், அது நீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கிற காரியம். நீ பக்கத்தில் இருந்தால் என் செருப்பை எடுத்துவைப்பாய், தண்ணீர் கொண்டுவருவாய், பத்து அடிக்கு ஒரு தரம் "போதும்ப்பா" என்பாய். பாசத்தாலேயே என்னைக் கட்டிலில் படுக்கவைத்துவிடுவாய். அதே சமயம், நீ இருக்க முடிவு செய்தால் நான் முறைத்துக்கொள்ள மாட்டேன். என் பொய்யை நம்பி நீ போட்ட கையெழுத்தை அழிக்கும் உரிமை உனக்கு உண்டு. எந்த முடிவானாலும் எனக்கு ஒரு வாக்கு மட்டும் கொடு: அப்பா எப்படி இருக்கிறார் என்பதை இனி என்னிடம் கேட்காதே. அம்மாவிடம் கேள், மேடத்திடம் கேள். என்னிடம் வேறு கதைகள் கேள், ஜப்பானே சிரிக்கும்படி சொல்கிறேன்.

நீ போவதாக இருந்தால், மதுரை விமான நிலையத்துக்கு நானும் வருவேன். வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு யாராவது ஓடிவந்தால் நீ கும்பிட்டு அனுப்பிவிடு. கார் நிற்கும் இடத்திலிருந்து கண்ணாடிக் கதவு வரை என் காலிலேயே வருகிறேன். நீ என் இடது பக்கம், ஓர் அடி பின்னால் வா. கையைப் பிடிக்காதே. விழப்போகிறேன் என்று தெரிந்தால் மட்டும் பிடி, தெரியும்போது சொல்கிறேன். நொண்டிக்கொண்டுதான் வருவேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எனக்கு நேரமாகும், நடுவில் ஒரு தடவை நிற்பேன். அதனால் கார்க்காரரை அரைமணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லிவிடு.

உன் அப்பா